எண்பதடி ஆழத்தில் என்ன வேகம்?

ஒன்ராறியோ ஏரிக்குச் சால்மன் பிடிக்கப் போகிறேன் என்று சொன்னால் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது, "என்ன இரை போடுறனீங்கள்?" என்றுதான். ஊரில் தூண்டில் போட்டுப் பழகிய யாரும் அப்படித்தான் கேட்பார்கள். இறாலா, கணவாய்த் துண்டா, மண்புழுவா? ஆனால் இந்த ஏரியில், கோடையில், படகிலிருந்து சினூக் சால்மன் பிடிக்க நினைப்பவருக்கு இரை என்பது நாலாவதோ ஐந்தாவதோ கேள்வி. இன்றைக்குக் குளிர்ந்த தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறது? அந்த ஆழத்துக்கு இரையை எப்படிக் கொண்டுபோவது? போன இரை அங்கே என்ன வேகத்தில் ஓடுகிறது? இவை மூன்றுக்கும் ஓரளவு விடை தெரிந்தவர், ஸ்பூன் என்ற உலோகத் தகட்டு இரையில் நிறம் உரிந்த பழையதொன்றைக் கட்டியும் மீன் ஏற்றுவார். தெரியாதவர் கடையில் தொங்கும் அத்தனை நிறத்தையும் வாங்கி அடுக்கிவிட்டு, "இண்டைக்கு மீன் வாய் திறக்கேல்லை" என்று சொல்லிக்கொண்டு கரைக்கு வருவார்.

படகை மெல்ல ஓட்டிக்கொண்டே, பின்னால் பல தூண்டில்களை வெவ்வேறு ஆழத்தில் இழுத்துப் போகிற முறைக்குத்தான் ட்ரோலிங் என்று பெயர். எங்கள் கடலிலும் சூரைக்கும் சீலாவுக்கும் வள்ளத்தின் பின்னால் இப்படிக் கயிறு விட்டு இழுப்பார்கள். அங்கே மீன் மேல்தண்ணீரில் ஓடும். பறவைகள் கூடி இடத்தைக் காட்டிக் கொடுக்கும். இங்கே அந்த உதவி கிடையாது. ஒன்ராறியோ ஏரியின் பரப்பு ஏறத்தாழ 19,000 சதுர கிலோமீற்றர். மிக ஆழமான இடம் 244 மீற்றர். இவ்வளவு தண்ணீரில் நங்கூரம் போட்டுவிட்டு மீன் நம்மைத் தேடி வரட்டும் என்று இருந்தால் பொழுதுதான் போகும். நாம்தான் தேடிப் போக வேண்டும். பக்கவாட்டில் தேடினால் போதாது, மேலும் கீழும் தேட வேண்டும். ட்ரோலிங் கருவிகள் எல்லாம் இந்தத் தேடலுக்காக வந்தவை.

கருவிகளைப் பற்றிப் பேசுமுன் மீனைப் பற்றிக் கொஞ்சம். சினூக் இந்த ஏரியின் மீன் கிடையாது. இங்கே பூர்வீகமாக இருந்தது அத்திலாந்திக் சால்மன். ஆறுகளை மறித்து ஆலை அணைகள் கட்டினார்கள், காட்டை வெட்டினார்கள், அளவில்லாமல் பிடித்தார்கள். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அது ஏரியில் இல்லாமல் போயிற்று. பிறகு ஏல்வைஃப் என்ற சின்ன மீன் பெருகியது. எங்கள் சாளை, சூடைக்கெல்லாம் தூரத்து உறவு. கால்வாய்கள் வழியே அது மேலே உள்ள மிச்சிகன் போன்ற பேரேரிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அதைத் தின்று கட்டுக்குள் வைத்திருக்க வேண்டிய ஏரி ட்ரவுட்டை, அதே வழியில் வந்த லாம்ப்ரே என்ற இரத்தம் உறிஞ்சி தீர்த்துக்கட்டியது. கேட்பாரில்லாத ஏல்வைஃப் பெருகிப் பெருகி, 1967இல் மிச்சிகன் ஏரியில் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தது. சிக்காகோவின் ஏரிக்கரைகளில் அழுகிய மீனை அள்ளித் தள்ள வேண்டியிருந்தது.

அதற்கு முந்தைய ஆண்டே ஒரு வேலை தொடங்கியிருந்தது. மிச்சிகன் மாநில மீன்வளப் பிரிவின் தலைவராக இருந்த ஹோவர்ட் டானர், பசிபிக் கரையிலுள்ள ஓரிகனிலிருந்து கோஹோ சால்மன் முட்டைகளை வரவழைத்துக் குஞ்சு பொரிக்க வைத்து, 1966இல் ஆறுகளில் விட்டார். அடுத்த ஆண்டு சினூக்கும் வந்தது. தின்னத் தின்னக் குறையாத ஏல்வைஃப் இருந்ததால் குஞ்சுகள் அசுர வேகத்தில் வளர்ந்தன. ஒன்ராறியோ ஏரியிலும் 1960களின் கடைசியிலிருந்து நியூயோர்க் மாநிலமும் ஒன்ராறியோ மாகாணமும் பசிபிக் சால்மன்களை விடத் தொடங்கின. இன்றைக்கு ஏரியில் ஓடும் சினூக்கில் கணிசமான பங்கு ஆறுகளில் தானாகப் பிறந்தது. வந்தேறி மீன்தான், ஆனால் இப்போது ஊர்க்காரன். எங்களில் பலருடைய கதையும் அதுதான் என்பதால் இதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

சினூக்குக்கு இரண்டு விஷயம் வேண்டும்: ஏல்வைஃப், குளிர். அதற்குப் பிடித்த வெப்பம் 10 முதல் 13 பாகை செல்சியஸ் வரை. கோடையில் ஏரியின் மேல்தண்ணீர் 20ஐத் தாண்டிவிடும். அடியில் 4, 5 பாகைதான். இரண்டுக்கும் நடுவில் சில அடி ஆழத்துக்குள் வெப்பம் மளமளவென்று இறங்கும் ஒரு படலம் உண்டு. அதற்குத் தேர்மோக்ளைன் என்று பெயர். ஏல்வைஃப் கூட்டம் பெரும்பாலும் அதன் மேலோரத்தில் நிற்கும். சால்மன் கீழே குளிரில் இருந்துகொண்டு மேலே ஏறி அடித்துவிட்டு இறங்கும். நல்ல மீன்காட்டித் திரையில் இந்தப் படலமே ஒரு மங்கலான பட்டையாகத் தெரியும். அதைக் கண்டுபிடித்தவருக்கு அன்றைய வேலையில் பாதி முடிந்தது.

சரி, அது எத்தனை அடியில் இருக்கும்? இங்கேதான் காற்று வருகிறது. ஓகஸ்ட் மாதம் பொதுவாக 50, 60, 70 அடி என்று சொல்லலாம். ஆனால் இரண்டு நாள் மேற்குக் காற்று அடித்துவிட்டால் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. பூமி சுழல்வதால், காற்று தள்ளுகிற மேல்தண்ணீர் காற்றின் திசைக்கு வலப்பக்கமாக விலகிப் போகும். மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும் காற்றுக்கு வலப்பக்கம் என்றால் தெற்கு. அப்போது எங்கள் வடகரையில் இருந்த சுடுதண்ணீர் எல்லாம் அமெரிக்கக் கரைப் பக்கம் போய்விட, அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்தண்ணீர் எழும்பி வரும். ஸ்காபரோவில் நேற்று நீந்திய பிள்ளைகள் இன்றைக்குக் கால் வைத்ததும் அலறிக்கொண்டு ஓடி வருவது அதனால்தான். அன்றைக்குச் சால்மன் 25 அடியிலும் நிற்கும், கரைக்குக் கிட்டவும் வரும். கிழக்குக் காற்று என்றால் எல்லாம் தலைகீழ். சுடுதண்ணீர் எங்கள் கரையில் குவிந்து, குளிர் 100 அடிக்கும் கீழே இறங்கிப் போய்விடும். கச்சானும் கொண்டலும் அறிந்து கடலுக்குப் போன பரம்பரைக்கு இது புதிதாக இருக்காது. ஆனால் நயாகரா நீரருவிக்குப் போகவே வானிலை பார்க்கும் எங்கள் ஆட்கள், மீன்பிடிக்கப் போகும்போது காற்றின் வேகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திசையை விட்டுவிடுவார்கள். நான் முந்தின இரண்டு நாளின் காற்றுத் திசையைப் பார்க்காமல் படகில் ஏறுவதில்லை.

ஆழம் தெரிந்துவிட்டது. இனி அங்கே இரையைக் கொண்டுபோக வேண்டும். ஸ்பூன் என்பது சில கிராம் எடையுள்ள மெல்லிய உலோகத் தகடு. ஓடும் படகின் பின்னால் அதை விட்டால் சில அடிக்கு மேல் இறங்காது. கனமான ஈயத்தைக் கட்டினால் இறங்கும். ஆனால் மீன் பட்டதும் மீனோடு அல்லாமல் ஈயத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். இதற்கான விடைதான் டவுன்ரிகர்.

படகின் பின்விளிம்பில் ஒரு சின்னப் பாரந்தூக்கி. அதன் உருளையில் மெல்லிய எஃகுக் கம்பி. கம்பியின் முனையில் 10 அல்லது 12 இறாத்தல் ஈயக்குண்டு. குண்டுக்கு மேலே ரப்பர் பட்டை வைத்த ஒரு கிளிப். தூண்டிலின் தங்கூசி நூலை அந்தக் கிளிப்பில் கவ்வ வைத்துக் குண்டை இறக்கினால், குண்டோடு சேர்ந்து இரையும் இறங்கும். எண்பதடி என்றால் எண்பதடி. உருளையில் உள்ள எண்காட்டி சொல்லிவிடும். மீன் இரையை அடிக்கும்போது தங்கூசி கிளிப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். அதன்பிறகு குண்டுக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை. தடி, தங்கூசி, மீன், நீங்கள்.

சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. நான் போகிற படகின் சொந்தக்காரர் வல்வெட்டித்துறைப் பக்கம். அங்கே கடலில் வளர்ந்து இங்கே ஏரியில் வந்து நிற்கிற மனிதர். வெளிச்சம் வருமுன் ப்ளஃபர்ஸ் பார்க் துறையிலிருந்து வெளியே வந்து, தடிகளை ஒவ்வொன்றாக இறக்கும்போது அவர் பார்ப்பதெல்லாம் தடியின் வளைவைத்தான். முதலில் ஸ்பூனைத் தண்ணீரில் விட்டுப் படகோரத்தில் அது எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். தூண்டில் முள்ளில் பாசியோ சிக்கலோ இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். அப்புறம் இருபது, முப்பது அடி பின்னால் விட்டு, தங்கூசியைக் கிளிப்பில் வைத்து, ரீலின் பூட்டைத் தளர்த்தி, பெருவிரலால் லேசாக அழுத்திக்கொண்டே குண்டை இறக்க வேண்டும். பெருவிரலை எடுத்தால் ரீலில் தங்கூசி சுருண்டு குருவிக்கூடு கட்டிவிடும். வேண்டிய ஆழம் வந்ததும் தடியைத் தாங்கியில் செருகி, தடி நுனி வில்லாக வளைந்து தண்ணீரைப் பார்க்கும்வரை ரீலைச் சுற்ற வேண்டும்.

"தம்பி, இன்னும் சுத்து. தடி குனிஞ்சு நிக்கோணும்."

"கிளிப் விட்டிடுமோ அண்ணை?"

"விட்டால் திருப்பி வைப்பம். தொய்ஞ்சு நிண்டால் மீன் அடிச்சாலும் முள்ளு ஏறாது."

அவர் சொல்வதில் காரணம் உண்டு. கிளிப் விடுபடும் கணத்தில் குண்டுக்கும் தடிக்கும் நடுவே உள்ள தங்கூசி ஒரே வீச்சில் தொய்யும். வளைந்து நிற்கும் தடி அந்தத் தொய்வை நிமிர்ந்து எடுத்துக்கொள்ளும். வளையாத தடியால் முடியாது. அதற்குள் மீன் துப்பிவிடும். இந்த வேலைக்கென்று விற்கிற எட்டரை அடித் தடிகள் மெதுவாக, அடிவரை வளைவதற்குக் காரணம் இதுதான். கிளிப்பின் இறுக்கமும் இப்படித்தான். மிக இறுக்கினால் சின்ன மீன் மாட்டியது தெரியாமலே அரை மணி நேரம் அதை இழுத்துக்கொண்டு திரிவீர்கள். தடி நுனியில் ஒரு சின்ன நடுக்கம் மட்டும் தெரியும்.

எண்காட்டி 80 என்று சொன்னாலும் குண்டு 80இல் இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். படகு ஓடுகையில் தண்ணீர் கம்பியைப் பின்னால் தள்ளும்; கம்பி சரிந்து நிற்கும்; குண்டு எண்ணில் உள்ளதைவிட மேலே இருக்கும். ஆழம் கூடக் கூட இந்த வித்தியாசம் கூடும். எடை கூடிய குண்டு வாங்குவது அதற்காகத்தான். மீட்டர் கணக்கில் வாழும் நாட்டில் நான் அடியையும் இறாத்தலையும் பற்றியே பேசிக்கொண்டிருப்பது உங்களுக்கு வினோதமாகப் படலாம். ஏரியில் இறங்கினால் எல்லாரும் அப்படித்தான். படகு வானொலியில் யாரும் "24 மீற்றரில் அடித்தது" என்று சொல்லி நான் கேட்டதில்லை.

வேகம்தான் ட்ரோலிங்கில் மிகவும் குழப்பமான சங்கதி, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். சினூக்குக்கு மணிக்கு 2 மைல் முதல் 2.8 மைல் வரை என்று எல்லாரும் சொல்வார்கள். ஜிபிஎஸ் திரையும் 2.4 என்று காட்டும். ஆனால் அது தரையைப் பொறுத்த படகின் வேகம். எண்பதடிக்குக் கீழே தண்ணீர் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. காற்று மேல்தண்ணீரைக் கிழக்கே தள்ளும்போது அடித்தண்ணீர் மேற்கே ஓடலாம். அந்த ஓட்டத்துக்கு எதிரே போனால் உங்கள் ஸ்பூன் வெறிகொண்டு சுழலும். அதனோடு போனால் செத்த இலையாய்த் தொங்கும். திரையில் இரண்டும் அதே 2.4தான். கிழக்கே போகும்போது வரிசையாக மீன் அடித்து, திரும்பி மேற்கே வரும்போது ஒன்றுமே இல்லாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மீன் எங்கும் போகவில்லை. இரைதான் மாறிவிட்டது.

இதற்கு மூன்று வழி. பணம் இருந்தால் ஃபிஷ் ஹாக் மாதிரியான உணர்கருவி ஒன்றைக் குண்டுக்குச் சற்று மேலே கட்டலாம். அந்த ஆழத்தின் வெப்பத்தையும் வேகத்தையும் மேலே திரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒரு படகுக்கு ஒரே ஒரு விலையுயர்ந்த பொருள்தான் வாங்க முடியும் என்றால் நான் இதைத்தான் வாங்கச் சொல்வேன். பெரிய மீன்காட்டிகூட அப்புறம்தான். பணம் இல்லையென்றால் கம்பியின் சரிவைப் பாருங்கள். வழக்கத்தைவிடப் பின்னால் சாய்ந்து நின்றால் கீழே வேகம் கூடிவிட்டது. மூன்றாவது வழிக்குக் காசே தேவையில்லை: நேர்கோட்டில் ஓட்டாதீர்கள். படகை மெல்ல வலமும் இடமுமாக வளைத்து ஓட்டினால், வளைவின் உட்பக்கத் தூண்டில்கள் வேகம் குறைந்து இறங்கும். வெளிப்பக்கத் தூண்டில்கள் வேகம் கூடி எழும்பும். எந்தப் பக்கத் தடி அடிபடுகிறது என்று பார்த்தால் போதும். வெளிப்பக்கம் அடித்தால் கொஞ்சம் வேகத்தைக் கூட்டுங்கள். உட்பக்கம் என்றால் குறையுங்கள். மீன் தானே வந்து சொல்லும் பதில் இது. தன்னியக்கச் சுக்கானை நேரே பூட்டிவிட்டுத் தேநீர் குடிப்பவர்களுக்கு அது கிடைக்காது.

பெரிய இயந்திரம் இவ்வளவு மெதுவாக ஓடாது என்பதால் பலர் 9.9 குதிரைவலுச் சின்ன இயந்திரம் ஒன்றைப் பக்கத்தில் பொருத்தி வைத்திருப்பார்கள். அதுவும் இல்லாவிட்டால் தண்ணீரில் விரியும் துணிப்பைகளைப் படகின் இரு பக்கமும் கட்டி வேகத்தைக் குறைக்கலாம்.

படகுக்கு நேர் கீழே இரண்டு குண்டு. மற்றத் தூண்டில்களை எங்கே வைப்பது? ஏரியில் படகிலிருந்து பிடிப்பவருக்கு ஆளுக்கு இரண்டு தூண்டில் அனுமதி. மூன்று பேர் என்றால் ஆறு. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இறக்கினால் சிக்கிக்கொள்ளும். படகின் இரைச்சலுக்கு விலகிப்போகும் மீன்களையும் அவை எட்டாது. பக்கவாட்டில் பரப்ப வேண்டும்.

அதற்கு முதல் கருவி டிப்சி டைவர். உள்ளங்கை அளவுள்ள வட்டமான பிளாஸ்டிக் தட்டு, அடியில் ஒரு எடை. தண்ணீர் அதன் முகத்தில் மோதும்போது தானே கீழே பாயும். அடித்தட்டைத் திருப்பி 1, 2, 3 என்று வைத்தால் இடமோ வலமோ விலகியும் ஓடும். எண் கூடினால் விலகல் கூடும், ஆழம் குறையும். மீன் அடித்ததும் ஒரு பூட்டு விடுபட்டு, தட்டு பாய்வதை நிறுத்திவிடும். மலிவானது, எந்தப் படகிலும் வேலை செய்யும். டவுன்ரிகர் வாங்க வசதியில்லாத ஒருவர் இரண்டு டிப்சியோடு மட்டும் போய் நிறைய மீன் பிடிக்கலாம். ஆனால் அது இழுக்கிற இழுவைக்குக் கனமான தடியும், இழுபடாத பின்னல் நூலும் வேண்டும். டிப்சித் தடியில் சினூக் அடிப்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். டவுன்ரிகரில் தடி முதலில் நிமிரும். டிப்சியில் தடி அப்படியே தண்ணீரை நோக்கிக் குத்தும், ரீல் அலறும்.

அடுத்தது ஈயக்கரு நூல். பின்னல் உறைக்குள் மெல்லிய ஈயக்கம்பி ஓடும். பத்து யாருக்கு ஒரு நிறம் மாறும். இங்கே ஆட்கள் "அஞ்சு கலர் விட்டிருக்கு" என்று ஆழத்தை நிறத்தில் சொல்வார்கள். ஒரு நிறத்துக்கு ஏறத்தாழ ஐந்தடி இறங்கும். மெதுவாகப் போனால் இன்னும் கொஞ்சம். அதைவிட ஆழம் வேண்டும் என்பவர்கள் செப்புக்கம்பியே விடுகிறார்கள். இவற்றைப் பக்கப்பலகை என்ற மிதவையில் மாட்டிப் படகிலிருந்து வெகுதூரம் தள்ளி ஓடவிடலாம். அமைதியான நாளில், தெளிந்த தண்ணீரில், படகைக் கண்டு மிரளும் மீனுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. முந்நூறு அடிச் செப்புக்கம்பியை மீனோடு சுற்றி எடுப்பது மட்டும் தோள்பட்டைக்கு ஒரு தண்டனை. நான் பெரும்பாலும் வயதில் இளையவர்களிடம் கொடுத்துவிடுவேன்.

இப்போதுதான் இரை. மெல்லிய ஸ்பூன்கள் ஏல்வைஃப் அளவில், மூன்றரை, நாலு அங்குலத்தில் இருக்கும். விடியுமுன் இருட்டில் ஒளிரும் பூச்சுள்ளவை நன்றாக வேலை செய்யும். கைவிளக்கை அதன்மேல் பிடித்து ஒளியேற்றி விடுவார்கள். சூரியன் ஏறிய பின் வெள்ளி, பச்சை, நீலம். அதற்கு மேல் நிறத்தைப் பற்றிக் கதைப்பது பொழுதுபோக்குக்குத்தான் என்பது என் எண்ணம். கடைக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

சினூக்குக்கு என்றே ஒரு கூட்டு உண்டு: முன்னால் சுழலும் ஒரு பிளாஸ்டிக் தகடு, அதற்குப் பின்னால் பளபளக்கும் இழைகளால் கட்டிய ஈ. எட்டு முதல் பதினோரு அங்குல நீளமுள்ள அந்தத் தகடு சுழன்று மின்னித் தூரத்து மீனையும் அழைக்கும். அது சுழலும் ஒவ்வொரு முறையும் பின்னால் உள்ள ஈயைச் சாட்டையாகச் சுண்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள நரம்பு நூலின் நீளத்தில்தான் சூட்சுமம். இருபது அங்குலம் என்றால் ஈ துள்ளும். முப்பது என்றால் நெளியும். மீன் பின்தொடர்ந்து வந்தும் அடிக்காமல் திரும்பினால், நிறத்தை மாற்றுமுன் இந்த நீளத்தை மாற்றிப் பாருங்கள். ஈக்குப் பதிலாக ஹெரிங் மீன் துண்டைச் செருகுவோரும் உண்டு. கடைசியில் எங்கள் ஆட்கள் கேட்ட இரைக்கே வந்துவிட்டேன் பாருங்கள்.

இன்னொரு சின்ன வித்தை. குண்டில் இறங்கியிருக்கும் தங்கூசியில், ஆறேழு அடி நரம்பில் கட்டிய இரண்டாவது ஸ்பூன் ஒன்றைக் கொக்கியால் மாட்டி விட்டுவிடுவது. தங்கூசி தண்ணீரில் வயிறு வைத்து வளையும் இடம்வரை அது தானே வழுக்கிப்போய், குண்டின் ஆழத்தில் ஏறக்குறையப் பாதியில் நிற்கும். ஒரே தடியில் இரண்டு ஆழம். மேலே ஓடும் வானவில் ட்ரவுட்டும் கோஹோவும் பெரும்பாலும் இதில்தான் அடிக்கும்.

ஜூலை மாதத்திலிருந்து இவ்வளவுக்கும் நடுவே ஒரு தொல்லை சேர்ந்துகொள்ளும். தூண்டிலை எடுக்கும்போது தங்கூசி தடி நுனியில் நுழைய மறுக்கும். பார்த்தால் நுனியில், ஊறவைத்த சவ்வரிசியில் மிளகுத்தூள் தூவினது போல ஒரு பிசின் உருண்டை. கிட்ட வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு கறுப்புப் புள்ளியும் ஒரு கண். அதன் பின்னால் உடம்பைவிடப் பலமடங்கு நீளமான ஒரு வால்முள், முனையில் கொக்கி. கொக்கிவால் நீர்த்தெள்ளு. காஸ்பியன் கடல், கருங்கடல் பக்கத்துப் பிராணி. கப்பல்களின் நிலைப்படுத்தும் தண்ணீரில் வந்து, 1998இல் இந்த ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது. மெல்லிய நூலில்தான் அதிகம் தொங்கும். அதனால் கோடையில் 30 இறாத்தல் தடித்த நரம்புக்கு மாறிவிடுவோம். அதற்கும் அடங்காவிட்டால் விரல்நகத்தால் வழித்து எடுக்க வேண்டியதுதான். வேறு வழி கேட்டால் அண்ணை சொல்வார்: "குளிருக்க வா. செப்டெம்பரில தெள்ளு குறைஞ்சிடும்."

மீன் அடித்தால் என்ன செய்வது? முதல் விதி, படகை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் மற்ற ஐந்து தூண்டிலும் தொங்கிச் சிக்கும். மீனின் வாயில் முள்ளும் தளரும். பெரிய சினூக்கின் முதல் ஓட்டம் நூறு, நூற்றைம்பது யார் போகும். அப்போது ரீலைச் சுற்றுவது வீண். தடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போகவிட வேண்டும். நின்றதும் தடியை மெல்லத் தூக்கி, இறக்கும்போது சுற்றி, தூக்கி, இறக்கும்போது சுற்றி, இப்படித்தான். நரம்பு தொய்ந்தால் மீன் இல்லை. படகருகில் வந்ததும் பெரும்பாலும் இன்னொரு முறை கீழே பாயும். அந்த நேரத்தில் யாராவது உற்சாகத்தில் ரீலின் இறுக்கத்தைக் கூட்டுவார்கள், நரம்பு அறும். வலை பிடிப்பவர் மீனைத் துரத்தக் கூடாது. வலையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டிருக்க, தடி பிடிப்பவர் மீனின் தலையை அதற்குள் கொண்டுவர வேண்டும். வால்பக்கமாக வலை வைத்தால் மீன் ஒரே எம்பில் போய்விடும்.

எல்லா மாதமும் இந்த ஆழக்கணக்கு தேவையில்லை. ஏப்ரல், மே மாதங்களில் ஏரி முழுதும் குளிர்தான். சற்றே சூடான தண்ணீரைத் தேடி ப்ரவுண் ட்ரவுட்டும் கோஹோவும் கரையோரம், போர்ட் கிரெடிட், ஹமில்டன் பக்கம் வரும். பக்கப்பலகையும், சின்ன மீன் வடிவில் உள்ள ரப்பாலா இரையும் போதும். ஓகஸ்ட் கடைசியிலிருந்து முதிர்ந்த சினூக் தான் பிறந்த ஆற்றின் வாயில் வந்து கூடும்: கிரெடிட், ஹைலண்ட் கிரீக், போர்ட் ஹோப்பின் கனறாஸ்கா. அது தின்பதை நிறுத்தத் தொடங்கிவிட்ட மீன். பசியால் அடிக்காது, எரிச்சலில் அடிக்கும். ஆறேறி முட்டையிட்டதும் செத்துவிடும்.

சட்டம் பற்றி நாலு வரி. 18 முதல் 64 வயது வரை மீன்பிடி அனுமதி அட்டை வேண்டும். இயந்திரப் படகை ஓட்டுபவரிடம் அதற்கான சான்று அட்டை இருக்க வேண்டும். படகில் எத்தனை பேரோ அத்தனை உயிர்காப்பு அங்கி. வைத்திருந்தால் போதாது, போட்டுக்கொள்ளுங்கள். மேற்குக் காற்று குளிர்தண்ணீரை எழுப்பிய நாளில் விழுந்தால், ஓகஸ்ட் மாதம் என்றாலும் கை கால் விறைக்க அதிக நேரம் எடுக்காது. எத்தனை மீன் வைத்திருக்கலாம் என்ற அளவு இனத்துக்கு இனம் மாறும். போகுமுன் அந்த ஆண்டின் விதிநூலைப் பாருங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த மீன் விஷயத்தில் எங்கள் சமையலறைக்கும் ஒன்ராறியோ அரசின் ஆலோசனைக்கும் ஒத்துவராது. எங்களுக்கு வயிற்றுப்பக்கத் துண்டுதான் உருசி; தோலோடு பொரித்தால்தான் பொரியல். ஆனால் பிசிபி என்ற பழைய தொழிற்சாலை இரசாயனம் கொழுப்பில்தான் சேரும். வயிற்றுக் கொழுப்பு, தோலுக்கடியில் உள்ள படலம், பக்கவாட்டில் ஓடும் கருஞ்சதைக் கோடு எல்லாம் அதற்கு வீடு. அரசு வெளியிடும் மீன் உண்ணும் வழிகாட்டியில் ஏரியின் பகுதி, மீனின் இனம், நீளம் என்று பார்த்து, மாதத்துக்கு எத்தனை தடவை உண்ணலாம் என்று போட்டிருப்பார்கள். அந்தக் கணக்கே தோலும் எலும்பும் நீக்கிய முதுகுத் துண்டுக்குத்தான். பெரிய மீனுக்குக் கட்டுப்பாடு கூட. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் இன்னும் கூட. பாதரசமோ சதையிலேயே இருக்கும். வெட்டி எறிந்தாலும் போகாது.

அதனால் நான் ஆறேழு இறாத்தல் வரும் இளம் மீனை வைத்துக்கொண்டு, பெரியதைப் படம் எடுத்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடுவேன். ஆழத்திலிருந்து வந்த மீனை நீண்ட நேரம் வெளியே பிடித்திருந்தால் மேல்தண்ணீரின் சூட்டில் அது தேறாது. படம் எடுப்பவர் தயாராக நிற்கட்டும். இளம் மீனின் தோலை உரித்து, வயிற்றை வெட்டி எறிந்து, முதுகுச் சதையை மிளகும் தேசிக்காயும் போட்டுப் பிரட்டிச் சட்டியில் வாட்டினால் அருமையாக இருக்கும். தலையைக் கேட்டு வீட்டில் சண்டை வரும். கொடுக்காதீர்கள். சொதிக்குக் கடையில் விளைமீன் தலை கிடைக்கிறது.